செல்ஃப் சுற்றுகிறதா, இல்லையா? பழைய வண்டி ஸ்டார்ட் ஆகாதபோது எங்கிருந்து தொடங்குவது

சாவியைத் திருப்புகிறீர்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், வண்டி கல்லாக நிற்கிறது. பக்கத்தில் நிற்பவர் ‘பேட்டரி போயிடுச்சு’ என்பார். இன்னொருவர் ‘பிளக்கைக் கழற்றிப் பாருங்க’ என்பார். மூன்றாமவர் டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்பார். எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ‘டக்’கைச் சரியாகக் காதில் வாங்கியிருந்தால், பிளக்கைப் பற்றியும் பெட்ரோலைப் பற்றியும் அப்போதைக்கு யோசிக்கவே வேண்டியதில்லை.

‘ஸ்டார்ட் ஆகலை’ என்று ஒரே வார்த்தையில் நாம் சொல்வது உண்மையில் இரண்டு தனித்தனி நோய்கள். ஒன்றில், இன்ஜினை முதலில் சுற்றிவிட வேண்டிய செல்ஃப் மோட்டார் (ஸ்டார்ட்டர்) அதைச் சுற்றவே இல்லை. மற்றதில், செல்ஃப் நன்றாகவே சுற்றுகிறது. இன்ஜின்தான் பிடிக்க மாட்டேன் என்கிறது. முதலாவதற்குக் காரணம் பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டார் வரைக்கும் போகும் மின்பாதையில்தான் இருக்கும். இரண்டாவதற்குக் காரணம் பெட்ரோல், ஸ்பார்க், கம்ப்ரஷன் இவற்றில் ஒன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டு பாகங்களை மாற்றத் தொடங்கினால் பணம் போகும், வண்டி அப்படியே நிற்கும். அதனால் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே இந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: செல்ஃப் சுற்றுகிறதா, இல்லையா?

எதைத் தொடுவதற்கு முன்பும் கியரை நியூட்ரலில் வையுங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில். ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். தொளதொளப்பான சட்டைக் கை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது. செல்ஃபைத் தொடர்ந்து 10 வினாடிக்கு மேல் அடிக்காதீர்கள். அடித்தால் ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள். கொஞ்ச நேரம் மட்டும் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட மோட்டார் அது, சீக்கிரம் சூடேறிவிடும்.

செல்ஃப் சுற்றவில்லை என்றால்

1912இல் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் வரும் வரை பெரும்பாலான கார்களை முன்னால் நின்று கைப்பிடியால் சுற்றித்தான் கிளப்பினார்கள். அன்று ஆள் கை செய்த வேலையை இன்று ஒரு சின்ன மோட்டார் செய்கிறது. அதற்கு அது கேட்கும் விலை மின்சாரம். பெட்ரோல் கார் என்றால் சாதாரணமாக 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். டீசல் இன்னும் அதிகம். ஹெட்லைட் பல்புகள் இரண்டும் சேர்ந்து எடுப்பது சுமார் 9 ஆம்பியர்தான். இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் முதல் நோயில் பாதி விளங்கிவிடும்.

பேட்டரி முனைக்கும் அதைப் பிடித்திருக்கும் டெர்மினல் கிளிப்புக்கும் நடுவில் கொஞ்சம் வெள்ளையோ பச்சையோ உப்பு பூத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உப்பின் மின்தடை 0.03 ஓம். காகிதத்தில் பார்த்தால் ஒன்றுமே இல்லாத எண். ஹெட்லைட்டுக்காக 9 ஆம்பியர் அதன் வழியே போகும்போது இழப்பு கால் வோல்ட். விளக்கு பளிச்சென்றுதான் எரியும். அதே இடத்தில் செல்ஃபுக்காக 150 ஆம்பியர் போக வேண்டுமென்றால் இழப்பு நாலரை வோல்ட். 12 வோல்ட்டில் நாலரை அங்கேயே போய்விட்டால் மோட்டாருக்கு என்ன மிஞ்சும்? ‘லைட் நல்லா எரியுது, அதனால பேட்டரியும் வயரும் சரிதான்’ என்ற முடிவு பலரைத் தவறான பாதையில் இழுத்துக்கொண்டு போவது இதனால்தான்.

ஆனாலும் ஹெட்லைட் ஒரு நல்ல கருவி. அதைத் தனியாகப் பார்க்கக் கூடாது, செல்ஃப் அடித்துக்கொண்டே பார்க்க வேண்டும். லைட்டைப் போட்டுவிட்டு ஒருவரை முன்னால் நிற்கச் சொல்லி சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் சட்டென்று செத்துப்போனால், பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது டெர்மினல் பிடிப்பு சரியில்லை. கொஞ்சம்கூட மங்காமல் அப்படியே எரிந்தால், செல்ஃபுக்குக் கரண்ட் போகவே இல்லை. ஓரளவு மங்கி, கூடவே ‘டொக்’ என்று கனத்த சத்தமும் வந்தால், கரண்ட் போகிறது, மோட்டாரோ இன்ஜினோ இறுகிப்போயிருக்கிறது.

காதுக்கும் வேலை உண்டு. ‘டக டக டக டக’ என்று வேகமாக அடித்தால் அது பெரும்பாலும் பேட்டரி டவுன். மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்சான சோலினாய்டு இழுக்கிறது, மோட்டார் கரண்ட் கேட்டதும் வோல்டேஜ் சரிகிறது, சோலினாய்டு விட்டுவிடுகிறது, வோல்டேஜ் ஏறியதும் மறுபடி இழுக்கிறது. அந்தச் சுழற்சிதான் அந்தச் சத்தம். ஒரே ஒரு ‘டக்’ என்றால் சோலினாய்டின் உள்ளே இருக்கும் செம்புத் தொடுபுள்ளிகள் கருகியிருக்கலாம், மோட்டாரின் சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், தடித்த வயர்களில் எங்காவது பிடிப்பு போயிருக்கலாம். எந்தச் சத்தமும் இல்லையென்றால் சாவிக்கும் சோலினாய்டுக்கும் நடுவில் தேட வேண்டும்: ஃப்யூஸ், ஸ்டார்ட்டர் ரிலே, இக்னிஷன் சுவிட்ச், கிளட்ச் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்ச், ஆட்டோமேட்டிக்கில் நியூட்ரல் சுவிட்ச். பார்க்கில் எடுக்காத வண்டி நியூட்ரலில் எடுத்தால் அந்தச் சுவிட்ச்தான் குற்றவாளி. இருசக்கர வண்டி என்றால் கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச், கிளட்ச் லிவர் சுவிட்ச் மூன்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

மீட்டர் பேசுவது

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் ஊகத்தை நிறுத்திவிடலாம். வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12க்குக் கீழே என்றால் காலிக்குப் பக்கத்தில். பிறகு மீட்டரை அங்கேயே வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். நல்ல பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகாது. சும்மா இருக்கும்போது 12.6, செல்ஃப் அடித்தால் 7 என்று விழுந்தால், மேலே பார்க்க நன்றாக இருக்கிறது, உள்ளே செத்துவிட்டது என்று அர்த்தம். சார்ஜ் போட்டாலும் தேறாது.

பேட்டரி சரியென்று தெரிந்த பிறகு செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பழைய வண்டிக்காரர் ஒவ்வொருவரும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவின் ஈய முனை மேலேயே வையுங்கள், கிளிப்பின் மேல் அல்ல. மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இரும்பில் அழுத்துங்கள். இப்போது செல்ஃப் அடியுங்கள். இரண்டும் ஒரே கம்பியின் இரு நுனிகள் போலத்தான். அதனால் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 0.2 அல்லது 0.3 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் அந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் எங்கோ கரண்ட் சிக்கித் திணறுகிறது. பாசிட்டிவ் பக்கமும் இதே மாதிரி: ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மறுமுனை செல்ஃப் மோட்டாரின் தடித்த வயர் போல்ட்டில். அங்கே அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. செல்ஃப் அடிக்காமல் அளந்தால் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. கரண்ட் ஓடும்போதுதான் இழப்பு தெரியும்.

இதைக் கண்ணால் பார்த்து நம்பியவன் நான். கைமாறி வந்த ஒரு பழைய காரில் பேட்டரி புதிது, செல்ஃப் மோட்டாரும் முந்தைய உரிமையாளர் மாற்றியது. ஆனாலும் காலையில் இழுத்து இழுத்துச் சுற்றும், சில நாள் ‘டக்’ மட்டும். மேற்சொன்ன சோதனையில் எர்த் பக்கம், அதாவது நெகட்டிவ் பக்கம், 3 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் வயரில் குறை ஒன்றுமில்லை. பாடியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பின்னல் பட்டைதான் விஷயம். மேலே கருப்பு உறை, இரு பக்கமும் போல்ட் இறுக்கமாக இருந்தது, அசைத்துப் பார்த்தாலும் ஆடவில்லை. உறையைக் கத்தியால் கீறிப் பிரித்தபோது உள்ளே செம்பு இழைகள் பச்சைப் பொடியாக உதிர்ந்தன. நல்லபடியாக இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில இழைகள்தான். பட்டையை மாற்றி, போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்கினேன். முதல் திருப்பிலேயே எடுத்தது. இரண்டு பெரிய பாகங்கள் வீணாக மாற்றப்பட்டிருந்தன, ஒரு சாண் நீளப் பட்டைக்காக. பழைய வண்டிகளில் பாகங்களைவிட அவற்றை இணைக்கும் இடங்கள்தான் முதலில் சோர்ந்துபோகின்றன என்பது அன்றிலிருந்து என் நம்பிக்கை.

டெர்மினலில் பூத்திருக்கும் உப்பில் வெந்நீர் ஊற்றினால் கரைந்துவிடும். ஆனால் வேலை அதோடு முடியவில்லை. கிளிப்பைக் கழற்றி, அதன் உள்வளையத்தையும் ஈய முனையையும் உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

வேறு வண்டியின் பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுப்பதாக இருந்தால் சிவப்பு வயரை முதலில் டவுன் ஆன பேட்டரியின் பாசிட்டிவில், பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டுங்கள். கருப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, கடைசி நுனியை நிற்கும் வண்டியின் இன்ஜினில் வெறும் இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளிக் கடிக்க விடுங்கள். கடைசியாக மாட்டும் இடத்தில் பொறி பறக்கும். பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கக் கூடாது.

செல்ஃப் மோட்டாரின் உடலில் மரக்கட்டையால் லேசாகத் தட்டினால் சில சமயம் சுற்றிவிடும். தேய்ந்த பிரஷ் கொஞ்சம் நகர்ந்து தொட்டுக்கொள்கிறது என்று பொருள். வீடு போய்ச் சேர அது போதும், அடுத்த வேலை மோட்டாரைக் கழற்றுவதுதான். கை கியர் வண்டி தள்ளியதும் சட்டென்று பிடித்துவிட்டால் இன்ஜினில் கோளாறு இல்லை என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

இங்கே கதை மாறுகிறது. இன்ஜினுக்குக் காற்று வேண்டும், எரிபொருள் வேண்டும், சரியான நேரத்தில் பொறி வேண்டும், இவற்றை அழுத்திப் பிடிக்கக் கம்ப்ரஷன் வேண்டும்.

முதலில் சுற்றும் ஓசையைக் கேளுங்கள். ஆரோக்கியமான இன்ஜின் ‘உர்...உர்...உர்...உர்’ என்று ஒரே தாளத்தில் மேடும் பள்ளமுமாகச் சுற்றும். ஒவ்வொரு மேடும் ஒரு சிலிண்டர் காற்றை அழுத்தும் இடம். வழக்கத்தைவிட வேகமாக, மேடு பள்ளமே இல்லாமல் ‘விர்ர்ர்’ என்று தையல் மிஷின் மாதிரி சுற்றினால் உடனே நிறுத்துங்கள். வால்வுகளைப் பிஸ்டனோடு ஒரே தாளத்தில் இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தபின் சுற்றச் சுற்ற பிஸ்டன் வால்வை முட்டி வளைக்கும். வாங்கிய பழைய வண்டியில் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லையென்றால் இந்தச் சந்தேகத்துக்கு முதலிடம். வெள்ளத்தில் ஓட்டிவந்து நின்ற வண்டியிலும் செல்ஃப் அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

தாளம் சரியாக இருந்தால் பெட்ரோலா, ஸ்பார்க்கா என்று பிரிக்க வேண்டும். கொஞ்ச நேரம் செல்ஃப் அடித்தபின் ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி ஈரமாகப் பெட்ரோல் வாடையோடு இருந்தால் எரிபொருள் வருகிறது, பொறி வரவில்லை அல்லது அளவுக்கு மீறிக் குடித்துவிட்டது. காய்ந்து இருந்தால் எரிபொருள் வரவில்லை. இந்த ஒரு பார்வை எத்தனையோ மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பொறியைப் பார்க்கக் கழற்றிய பிளக்கை அதன் வயரிலேயே மாட்டி, இரும்பு உடல் இன்ஜினில் அழுத்தமாகத் தொடும்படி வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். கழற்றிய துளைக்கும் பெட்ரோல் கசியும் இடத்துக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். வயரைக் கையால் பிடிக்காதீர்கள். 20,000 வோல்ட்டுக்கும் மேல் ஓடும் இடம் அது. வயரை எதிலும் தொடாமல் அந்தரத்தில் விட்டு அடிப்பதும் தவறு, எலெக்ட்ரானிக் இக்னிஷன் கருகிவிடும். நீல நிறத்தில் ‘சட்சட்’ என்று வெடித்தால் நல்ல பொறி. மஞ்சளாக, மெலிசாக வந்தால் காயிலோ கண்டென்சரோ சோர்ந்திருக்கிறது. பாயின்ட் (பொறிக்காகத் திறந்து மூடும் தொடுபுள்ளி) வைத்த பழைய வண்டிகளில் பாயின்ட் முகம் கருகியிருக்கிறதா, இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். மழை நாளில் மட்டும் தகராறு என்றால் ஒவ்வொரு பிளக்குக்கும் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றித் துணியால் துடைத்து, உள்ளே தலைமுடி மாதிரி மெல்லிய கருப்புக் கோடு ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பொறி அந்தக் கோடு வழியாகத்தான் ஓடிப்போகிறது.

பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து பீச்சும் இன்ஜெக்ஷன் வண்டியில் பொறியும் வரவில்லை, பெட்ரோலும் வரவில்லை என்றால் இரண்டுக்கும் பொதுவான ஒன்றைச் சந்தேகியுங்கள்: கிராங்க் சென்சார். இன்ஜின் சுற்றுகிறது என்ற சேதியே அது சொன்னால்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியும். பல வண்டிகளில் செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் சற்றே எழும். அப்படி எழுந்துகொண்டிருந்த முள் இப்போது அசையாமல் கிடந்தால் சந்தேகம் வலுக்கிறது. குளிர்ந்திருக்கும்போது நன்றாக எடுத்து, ஓடிச் சூடானபின் நிறுத்தினால் எடுக்காமல், அரை மணி நேரம் ஆறியதும் எடுப்பது இந்தச் சென்சாரின் வழக்கமான குணம்.

எரிபொருள் பக்கம் வந்தால், சாவியை ஆனில் வைத்து ரேடியோவை அணைத்துவிட்டுக் கேளுங்கள். பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு வினாடி ‘ம்ம்ம்’ என்று ஃப்யூவல் பம்ப் முனகும். முனகவில்லையென்றால் ஃப்யூஸ், பிறகு ரிலே. பக்கத்தில் அதே எண்ணுள்ள இன்னொரு ரிலே, பெரும்பாலும் ஹாரனுடையது, இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. சில கார்களில் வண்டி எதிலாவது மோதினால் பம்பை நிறுத்தும் சுவிட்ச் உண்டு; பெரிய பள்ளத்தில் இறங்கினாலும் அது அணைந்துவிடும், மேலே இருக்கும் பட்டனை அழுத்தினால் சரி. டேங்க் முள்ளை நம்பாதீர்கள். பழைய வண்டியில் கால் டேங்க் காட்டிக்கொண்டே காலியாக இருப்பது சாதாரணம்.

கார்புரேட்டர் வண்டி கண்ணுக்கே காட்டிவிடும். ஏர் கிளீனரைக் கழற்றி, இன்ஜினை நிறுத்தியபடியே தொண்டைக்குள் பார்த்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டர் கம்பியைக் கையால் இழுங்கள். ஊசி போலப் பெட்ரோல் பீச்சியடிக்க வேண்டும். வரவில்லையென்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம் காய்ந்திருக்கிறது. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி போய், மிச்சம் பிசினாக ஜெட் என்ற நுண்துளையை அடைத்திருக்கும். சுத்தம் செய்யாமல் எத்தனை முறை அடித்தாலும் எடுக்காது. மாறாக வாடை மூக்கைத் துளைத்தால் அதிகம் குடித்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்திக்கொண்டே செல்ஃப் அடியுங்கள். கார்புரேட்டரில் காற்று நிறையப் போகும், பல இன்ஜெக்ஷன் வண்டிகளில் அந்த நேரம் பெட்ரோலே நின்றுவிடும்.

டீசலுக்கு ஸ்பார்க் கிடையாது, அதனால் பாதிக் கவலை இல்லை. குளிர் காலையில் மட்டும் தகராறு என்றால் சிலிண்டரை முன்கூட்டிச் சூடாக்கும் ஹீட்டர் பிளக். ஃபில்டர் மாற்றியபின் அல்லது டேங்க் காலியானபின் எடுக்கவில்லையென்றால் லைனில் ஏர் பிடித்திருக்கிறது. பல வண்டிகளில் கை பம்ப் இருக்கும், ஏர் போய் டீசல் குமிழி இல்லாமல் வரும்வரை அடித்து எடுக்க வேண்டும். ஹீட்டர் பிளக் உள்ள டீசலில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே எதுவும் அடிக்காதீர்கள், காற்று உள்ளே போகும் இன்டேக்கிலேயே வெடிக்கும்.

முந்தைய கை செய்துவைத்தது

கைமாறி வந்த வண்டிக்கென்றே சில மர்மங்கள் உண்டு. திருட்டுக்குப் பயந்து ஒருவர் மறைவாக வைத்த கட் சுவிட்ச் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கலாம். கால் பட்டு அது அணைந்திருந்தால் எந்தச் சோதனையும் விடை தராது. அலாரம், கூடுதல் ஹாரன், மியூசிக் சிஸ்டம் என்று ஏற்றியவர்கள் வயரை முறுக்கி டேப் சுற்றி விட்டிருப்பார்கள், அந்த டேப் வருடங்கள் கழித்துப் பிசுபிசுத்து அவிழும். எலி கடித்த வயரும் இங்கே சேரும். டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு விட்டுவிட்டு மின்னினால் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்புக் கருவி சாவியை அடையாளம் காணவில்லை. உள்ளே சிப் இல்லாத நகல் சாவி கதவைத் திறக்கும், வண்டியை எடுக்காது. மாற்றுச் சாவி இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள்.

நான்கைந்து நாள் நின்றால் மட்டும் பேட்டரி காலியாகிறதா? எல்லாவற்றையும் அணைத்துக் கதவுகளைப் பூட்டி, கால் மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து, நெகட்டிவ் வயரோடு மீட்டரைத் தொடரில் சேர்த்து அளந்தால் வண்டி தூங்கும்போது குடிக்கும் கரண்ட் தெரியும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டரே போய்விடும். டிக்கியில் மூடியும் அணையாத ஒரு 5 வாட் பல்பு 0.4 ஆம்பியர் இழுக்கும். 45 ஆம்பியர்-மணி பேட்டரியை ஐந்து நாளுக்குள் தரைமட்டமாக்க அது ஒன்றே போதும். மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது எண் சட்டென்று இறங்குகிறதோ, அந்த வழியில்தான் ஓட்டை.

வண்டி எடுத்துவிட்டால் உடனே பானெட்டை மூடிவிடாதீர்கள். இன்ஜின் ஓடும்போதே பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட்டுக்குள் காட்டினால் ஆல்டர்நேட்டர் சார்ஜ் கொடுக்கிறது. 12.4இலேயே நின்றுகொண்டு, ஹெட்லைட் போட்டதும் இன்னும் இறங்கினால், இப்போது ஓடுவது மிச்சமிருக்கும் சார்ஜில்தான். பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ஆல்டர்நேட்டரின் பின்பக்க வயர் கழன்றிருக்கிறதா என்று அந்த இடத்திலேயே பார்த்துவிட்டுப் பிறகு கிளம்புங்கள்.